கொடைக்கானல் நகர்மன்றத்தில் உங்கள் நிலமும் தெருவும் பேசப்படும்போது: புதிதாகக் குடியேறியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கொடைக்கானலில் வீடு வாங்கியோ வாடகைக்கு எடுத்தோ குடியேறுகிறவர்கள் பெரும்பாலும் முதல் ஐப்பசி மழையில்தான் நகராட்சி அலுவலகத்தின் படியேறுகிறார்கள். மேல்தெரு வாய்க்கால் அடைத்துத் தண்ணீர் வாசலுக்கு வந்திருக்கும். அல்லது பக்கத்து மனையில் சரிவைக் குடைந்து மண் எடுக்கத் தொடங்கியிருப்பார்கள். அடுத்த நகர்மன்றக் கூட்டத்தில் இதைப் பேச வைத்துவிடலாம் என்ற நம்பிக்கையோடு கவுன்சிலரிடம் போகும்போதுதான், அது குறித்த தீர்மானம் இரண்டு மாதம் முன்பே நிறைவேறிவிட்டது என்று தெரியவரும். நிலத்தையும் தெருவையும் பற்றிய முடிவுகள் மன்ற மண்டபத்தில் உருவாவதில்லை. கோப்பில் உருவாகி மண்டபத்துக்கு வருகின்றன. ஆகவே கூட்டத்தில் யார் குரல் ஓங்கி ஒலித்தது என்பதைக் காட்டிலும், கூட்டத்துக்கு முன்பே அந்தக் கோப்புக்குள் உங்கள் மனு ஒன்று இருந்ததா என்பதுதான் காரியத்துக்கு உதவும். அதற்கான வழியை, நான் தடுமாறிய இடங்களையும் சேர்த்து, கீழே எழுதியிருக்கிறேன்.

முதலில் எல்லையை உறுதி செய்துகொள்ளுங்கள்

முகவரியில் கொடைக்கானல் என்று இருப்பதால் மட்டும் உங்கள் இடம் கொடைக்கானல் நகராட்சிக்குள் இருக்கிறது என்று பொருளல்ல. 1899-இல் உருவான இந்த நகராட்சியின் பரப்பு 21 சதுர கிலோமீட்டரை ஒட்டியது, வார்டுகள் 24. ஏரியையும் மூஞ்சிக்கல்லையும் நாயுடுபுரத்தையும் தாண்டிச் சிறிது தூரம் போனாலே வில்பட்டி போன்ற ஊராட்சிகள் தொடங்கிவிடுகின்றன. பண்ணைக்காடு தனிப் பேரூராட்சி. நிலம் விற்பவர்கள் எல்லாவற்றையும் ‘கொடைக்கானல்’ என்றே சொல்லி விற்பார்கள். சொத்து வரி ரசீதை எந்த உள்ளாட்சி கொடுக்கிறது என்று பாருங்கள். அதுவே தெளிவான விடை. ஊராட்சிக்குள் இருப்பவர்களுக்கு நகர்மன்றத்தில் வேலையில்லை. அவர்களுக்குரிய இடம், ஆண்டுக்கு ஆறு நாட்கள், அதாவது ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய தேதிகளில் கூடும் கிராம சபை. அங்கே வாக்காளர் எவரும் எழுந்து பேசலாம் என்பது நகர்மன்றக் கூட்டத்தில் கிடைக்காத வசதி.

நீலகிரியில் குடியேறுகிறவர்களுக்கும் இந்த வழிகாட்டி பெரும்பாலும் பொருந்தும். அங்கே உதகமண்டலம் 36 வார்டுகளும், குன்னூர் 30 வார்டுகளும், கூடலூரும் நெல்லியாளமும் தலா 21 வார்டுகளும் கொண்ட நகராட்சிகள். கூடலூர்ப் பக்கம் நிலம் வாங்குகிறவர்கள் மட்டும், ஜென்மிகள் எனப்பட்ட பழைய பெருநில உடைமையாளர்களின் நிலங்கள் பற்றிய 1969-ஆம் ஆண்டின் ஜென்மி நில ஒழிப்புச் சட்டத்தின்கீழ் அந்த நிலத்தின் நிலை என்ன என்பதைத் தனியாக விசாரிக்க வேண்டும். அது நகர்மன்றத்தின் கைக்கு அப்பாற்பட்ட நீண்ட கதை.

எல்லை தெளிவானதும் அடுத்தது எண். பத்திரத்தில் பழைய புல எண் இருக்கும். நகராட்சிக் கோப்பில் வார்டு, பிளாக், நகர அளவை எண் என்று வேறு கணக்கு இருக்கும். என் முதல் ஆட்சேபணை மனுவில் பத்திரத்திலிருந்த பழைய எண்ணை மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டு மூன்று வாரம் காத்திருந்தேன். ‘மனுவில் குறிப்பிட்டுள்ள எண்ணில் எவ்வித விண்ணப்பமும் நிலுவையில் இல்லை’ என்று ஒரு வரிப் பதில் வந்தது. பதிலில் பிழையில்லை, பிழை என்னுடையது. வருவாய்த் துறையின் இணையச் சேவையில் நகர நில அளவைப் பதிவேட்டின் நகலையும் வரைபடத்தையும் எடுத்து, உங்கள் மனைக்கு மட்டுமல்லாமல் சுற்றியுள்ள நான்கு மனைகளுக்கும் எண்களைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். மலையில் உங்களுக்குத் தொல்லை வருவது பெரும்பாலும் உங்களுக்கு மேலே உள்ள மனையிலிருந்துதான்.

எந்த முடிவு யார் கையில்

புதியவர்கள் அதிகம் களைத்துப்போவது இங்கேதான். எல்லாவற்றையும் நகர்மன்றத்திடம் கேட்கிறார்கள். நகர்மன்றத்துக்கோ மலையில் அதிகாரம் சமவெளியில் இருப்பதைவிடக் குறைவு.

எந்த இடத்தில் குடியிருப்பு, எங்கே வணிகம், எங்கே விவசாயம் என்று வகைப்படுத்துவது முழுமைத் திட்டம். எல்லோரும் மாஸ்டர் பிளான் என்றே சொல்கிறார்கள். இது 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தின்கீழ் வருவது. கொடைக்கானலுக்கான மாஸ்டர் பிளான் 1993-ஐச் சேர்ந்தது. அதன் திருத்தமோ புதிய வரைவோ வெளியாகும்போது, அரசிதழில் அறிவிப்பு வந்த நாளிலிருந்து இரண்டு மாதத்துக்குக் குறையாத கால அவகாசம் கொடுத்துப் பொதுமக்களிடம் ஆட்சேபணையும் ஆலோசனையும் கேட்க வேண்டும் என்பது சட்டம். ஊரின் அடுத்த இருபது முப்பது ஆண்டுகளைத் தீர்மானிக்கும் அந்த இரண்டு மாதத்தில் மனு கொடுப்பவர்களின் எண்ணிக்கையையும், ஒரு தெரு விளக்குக்காக மனு கொடுப்பவர்களின் எண்ணிக்கையையும் ஒப்பிட்டால் வருத்தமே மிஞ்சும்.

ஒரு தனி மனையின் வகைப்பாட்டை மாற்றுவதற்கான நில உபயோக மாற்றக் கோப்பு நகர் ஊரமைப்புத் துறையின் வழியாகச் செல்லும். வழியில் உள்ளாட்சி மன்றத்தின் தீர்மானமும் கேட்கப்படும். அந்தக் கட்டத்தில்தான் அது நகர்மன்றத்தின் நிகழ்ச்சி நிரலில் தலைகாட்டுகிறது. அறிவிக்கப்பட்ட மலைக் கிராமங்களில் இதற்கு மேல் ஹாக்கா என்று சுருக்கமாகச் சொல்லப்படும் மலையிடப் பாதுகாப்பு அமைப்பும் இருக்கிறது. 1990-இல் ஏற்படுத்தப்பட்ட இந்த அமைப்பின் முன் வரும் கோப்புகளுக்கு வனம், வேளாண்மை, கனிமவளம் முதலிய துறைகளின் கருத்தும் தேவைப்படும். கட்டடம் எவ்வளவு உயரம் போகலாம் என்பது கட்டட விதிகளைச் சார்ந்தது. 7 மீட்டர் என்று ஊரில் எல்லோரும் சொல்வது 1993-ஆம் ஆண்டின் மலைவாசத்தலக் கட்டட விதிகளிலிருந்து வந்த வழக்கு. அதன்பின் 2019-இல் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் வந்துவிட்டன. உங்கள் மனைக்கு இன்று பொருந்தும் விதி எது என்பதை டீக்கடையில் கேட்காமல் நகராட்சியின் நகரமைப்புப் பிரிவில் எழுத்து மூலம் கேட்டு வாங்குங்கள்.

மரம் வெட்டுவதற்கு 1955-ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்டக் குழுவின் அனுமதி வேண்டும். உங்கள் சொந்த மனையில் நிற்கும் மரமானாலும் அப்படித்தான். வத்தலக்குண்டு சாலை நெடுஞ்சாலைத் துறையுடையது. அதிலுள்ள பள்ளத்தைப் பற்றி நகர்மன்றத்தில் எத்தனை பேர் முழங்கினாலும் தார் அந்தத் துறையிடமிருந்துதான் வர வேண்டும். 2024 மே 7 முதல் சுற்றுலா வாகனங்களுக்கு நடைமுறைக்கு வந்த இ-பாஸ் சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி மாவட்ட நிர்வாகம் நடத்துவது.

அப்படியானால் நகர்மன்றத்தின் கையில் மிஞ்சுவது என்ன? நகராட்சிச் சாலைகள், அவற்றின் வாய்க்கால்கள், தடுப்புச் சுவர்கள், தெரு விளக்கு, குடிநீர்க் குழாய், குப்பை, நகராட்சிக் கடைகளின் வாடகையும் ஏலமும், வாகன நிறுத்தக் குத்தகை, வரி விகிதம், துணை விதிகள், தெருக்களுக்குப் பெயரிடுதல் ஆகியவை. இவை சிறியவையாகத் தோன்றும். ஆனால் சரிவில் இருக்கும் ஒரு வீட்டுக்கு வாய்க்காலும் தடுப்புச் சுவரும்தான் அஸ்திவாரம்.

நிகழ்ச்சி நிரலை வாசிக்கப் பழகுங்கள்

நகர்மன்றம் மாதம் ஒரு முறையாவது கூட வேண்டும். கூட்டத்துக்கு முன் உறுப்பினர்களுக்கு அஜெண்டா அனுப்பப்படும். அதன் நகல் உங்கள் வார்டு உறுப்பினரிடம் இருக்கும். கேட்டால் பெரும்பாலும் காட்டுவார்கள். உள்ளாட்சிகளில் பாதி இடங்கள் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டவை. உங்கள் வார்டு உறுப்பினர் பெண் என்றால், வாசலில் உங்களை எதிர்கொள்ளும் அவர் வீட்டுக்காரரிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டுத் திரும்பாதீர்கள். மன்றத்தில் கை தூக்கப் போகிறவர் அவர் அல்லர். கையெழுத்துப் போட்டு மனுவைப் பெற வேண்டியவரும் அவர் அல்லர். உறுப்பினரையே பார்த்துப் பேசுங்கள்.

அஜெண்டாவில் ஒவ்வொரு விஷயமும் ‘பொருள்’ என்று எண்ணிடப்பட்டு, அதன்கீழ் அலுவலகக் குறிப்பு ஒன்று நீண்ட ஒற்றை வாக்கியமாக இருக்கும். உதாரணத்துக்கு இப்படி ஒன்றை வைத்துக்கொள்வோம்: ‘வார்டுக்குட்பட்ட குறுக்குச் சாலையில் தொடர் மழையினால் சரிந்த தடுப்புச் சுவரை மறுகட்டுமானம் செய்யத் தயாரிக்கப்பட்ட மதிப்பீட்டின் அடிப்படையில், பொதுமக்களின் அவசியம் மற்றும் அவசரம் கருதி நகர்மன்றத் தலைவரின் முன்அனுமதி பெற்று மேற்கொள்ளப்பட்ட பணியினை மன்றம் பின்னேற்பு செய்யலாம்.’ பழகாத கண்ணுக்கு இது நல்ல செய்தி. பழகிய கண் ‘பின்னேற்பு’ என்ற சொல்லில் நின்றுவிடும். வேலை முடிந்துவிட்டது, பணம் எப்படிச் செலவழிந்தது என்பதும் ஏறத்தாழ முடிவாகிவிட்டது, மன்றத்திடம் கேட்பது சம்மதத்தை அல்ல, முத்திரையை மட்டுமே என்பது அதன் பொருள். அந்தச் சுவரை நீங்கள் தினமும் கடந்து போகிறவராக இருந்து, அங்கே சுவரின் பாதிதான் எழுந்திருக்கிறது என்பதை அறிந்திருந்தால், உங்கள் உறுப்பினர் வாய் திறக்க வேண்டிய பொருள் அதுதான்.

வேறு சில சொற்களும் இப்படியே. ‘மன்றத்தின் பார்வைக்கு’ என்றால் தகவல் மட்டும், முடிவு எதுவும் இல்லை. ‘மன்றத்தின் முடிவுக்கு’ என்றால் உண்மையிலேயே இன்னும் முடிவாகவில்லை. உங்கள் முயற்சி பலிக்கக்கூடிய இடம் அது. ‘கருத்துரு அனுப்ப’ என்றால் இறுதி முடிவு மேலே எங்கோ இருக்கிறது. ஆனால் மன்றத் தீர்மானம் அந்தக் கோப்போடு போகும். ‘மேசைப் பொருள்’ என்றால் அச்சிட்ட அஜெண்டாவில் இல்லாமல் கூட்டத்தன்று மேசையில் வைக்கப்பட்டது. அவசரமான வேலைகளுக்காக ஏற்பட்ட வழி அது என்றாலும், மேசைப் பொருள்களின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போகும் மன்றத்தில் கூடுதல் கவனம் தேவை.

மார்ச் மாதக் கூட்டங்களில் வரவுசெலவுத் திட்டமும், மே மாதக் கோடை விழாவுக்கு முன்னால் சீசன் ஏற்பாடுகளும் வரும். வாகன நிறுத்தம், ஏரிச் சாலையோரக் கடைகள் ஆகியவை குறித்துச் சொல்ல வேண்டியதை மார்ச்சுக்குள் சொல்லிவிடுங்கள். சாலையோரக் கடைகளைப் பொறுத்தவரை ஒரு வார்த்தை: குடியேறிய முதல் ஆண்டிலேயே ‘கடைகளை அகற்றுங்கள்’ என்று மனு எழுதும் ஆர்வம் பலருக்கு வருகிறது. 2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டத்தின்படி இதற்கென ஆணையர் தலைமையில் நகர விற்பனைக் குழு உண்டு. அதன் உறுப்பினர்களில் 40 விழுக்காட்டுக்குக் குறையாமல் வியாபாரிகளின் பிரதிநிதிகள் இருக்க வேண்டும். கணக்கெடுப்பு முடிந்து சான்று வழங்கும் வரை எவரையும் வெளியேற்றக் கூடாது என்பதும் அதே சட்டம். கடை இருப்பதா வேண்டாமா என்பதை விடுத்து, எந்த இடத்தில், பாதசாரிக்கு எவ்வளவு வழிவிட்டு என்று எழுதும் மனுவுக்கே மதிப்பு இருக்கிறது.

ஆட்சேபணை மனுவை எழுதும் விதம்

உங்கள் தெருவில் ஒரு குடியிருப்பு மனையை வணிகப் பயன்பாட்டுக்கு மாற்றக் கோரும் அறிவிப்பை நாளிதழில் பார்க்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலும் அது உள்பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கும். முதலில் அந்தத் துண்டைத் தேதி தெரியும்படி வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். ஆட்சேபணைக்கான கெடு அதில்தான் இருக்கிறது. பிறகு ஒரு மழை நாளில் குடையோடு இடத்துக்குப் போங்கள். மழையில்லாத நாளில் மலை உண்மையைச் சொல்லாது. அந்த மனையின் மேல்பகுதியிலிருந்து தண்ணீர் எந்த வழியாக இறங்குகிறது, எந்தச் சிறு ஓடை அதைக் கடக்கிறது, சாலையின் அகலம் எத்தனை அடி, எதிரெதிரே இரண்டு வண்டிகள் வந்தால் எது பின்வாங்க வேண்டியிருக்கிறது என்று பாருங்கள். டேப்பை விரித்துச் சாலையை மூன்று இடங்களில் அளந்து எழுதுங்கள்.

மனுவில் வர்ணனையும் வேதனையும் வேண்டாம். ‘இயற்கை அழிகிறது, மலையின் மாண்பு கெடுகிறது’ என்ற வாக்கியங்களுக்கு எந்த அலுவலரும் பதில் எழுத வேண்டியதில்லை. மாறாக, ‘மேற்படி நகர அளவை எண்ணுள்ள மனையின் வடமேற்கு மூலை வழியாக மழைநீர் ஓடை செல்கிறது, புகைப்படம் 2-ஐக் காண்க, விண்ணப்பதாரரின் வரைபடத்தில் இவ்வோடை காட்டப்பட்டுள்ளதா என்பதைக் கள ஆய்வில் உறுதி செய்து பதிலளிக்க வேண்டுகிறேன்’ என்று எழுதினால், அதற்கு ஆம் அல்லது இல்லை என்று ஒருவர் எழுதியே தீர வேண்டும். மூன்று காரணங்கள் போதும். பதினொன்று எழுதினால் மிக எளிதாக மறுக்கக்கூடிய ஒன்றை எடுத்து மறுத்துவிட்டு மற்றவற்றைக் கடந்துபோய்விடுவார்கள். தெருவிலுள்ள பத்துப் பேர் ஒரே தாளில் கையெழுத்திடுவதைவிட, நான்கு பேர் தத்தம் வீட்டின் நிலையை வைத்துத் தனித்தனி மனுக்கள் கொடுப்பது கோப்பில் கனமாக நிற்கும்.

மனுவை ஆணையருக்கு முகவரியிட்டுத் தபால் பிரிவில் நேரில் கொடுத்து, உங்கள் நகலில் தேதி முத்திரை வாங்குங்கள். இன்னொரு பிரதி திண்டுக்கல்லில் உள்ள நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்கு ஒப்புகையுடன் விரைவு அஞ்சலில் போகட்டும். மூன்றாவது பிரதி வார்டு உறுப்பினருக்கு. முத்திரை இல்லாத மனு, கொடுக்கப்படாத மனு.

விண்ணப்பதாரரை நேரில் சந்தித்துப் பேசுவதும் நல்லதே. ஓடையின் குறுக்கே கட்ட இருந்தவர்கள், அண்டை வீட்டார் வரைபடத்தில் இடம் காட்டியதும் சுவரை நகர்த்திக்கொண்டதை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் பேச்சு நடக்கிறது என்பதற்காகக் கெடுவைத் தவறவிடாதீர்கள்.

கூட்டத்தன்று

கூட்டத்தைப் பார்வையிடப் பொதுமக்களுக்குப் பொதுவாகத் தடையில்லை. வெளியேறச் சொல்லத் தலைவருக்கு அதிகாரம் உண்டு. முந்தைய நாளே அலுவலகத்தில் சொல்லிவைத்துவிட்டுப் போவது மரியாதை. பார்வையாளர் பேச முடியாது, கை தட்டவும் கூடாது. முதல் முறை போகிறவர்களுக்கு வேகம்தான் அதிர்ச்சி தரும். முதல் ஒரு மணி நேரம் குடிநீரையும் குப்பையையும் பற்றிக் காரசாரமாகப் பேசுவார்கள், ஒரு தரப்பு வெளிநடப்பும் செய்யக்கூடும். அதன்பின் நாற்பது பொருள்கள் இருந்தாலும் ‘ஆல் பாஸ்’ என்ற ஒற்றைக் குரலில் முடிந்துவிடலாம். ஆகவே உங்கள் பொருள் எண்ணைத் தாளில் குறித்துக்கொண்டு, உங்கள் உறுப்பினர் அந்த எண்ணைக் குறிப்பிட்டு ‘ஒத்திவைக்க வேண்டும்’ அல்லது ‘என் ஆட்சேபணையைப் பதிவு செய்ய வேண்டும்’ என்று சொன்னாரா என்பதை மட்டும் கவனியுங்கள். மற்ற ஆரவாரமெல்லாம் மறுநாள் பத்திரிகைக்கு.

கூட்டத்துக்குப் பிறகு

தீர்மானத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள். கொடுக்கத் தயங்கினால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி மனு செய்யலாம். 30 நாட்களுக்குள் பதில் வர வேண்டும், வராவிட்டால் அடுத்த 30 நாட்களுக்குள் முதல் மேல்முறையீடு. நகல் கேட்பதோடு நிற்காமல் ‘கோப்பை நேரில் பார்வையிட அனுமதிக்க வேண்டும்’ என்றும் சேர்த்து எழுதுங்கள். ஒரு மணி நேரம் கோப்பைப் புரட்டினால், உங்கள் மனு எத்தனையாவது பக்கத்தில் இருக்கிறது, அதன் ஓரத்தில் யார் என்ன குறிப்பு எழுதினார்கள் என்பதெல்லாம் தெரிந்துவிடும்.

அனுமதிக்கு மாறாகக் கட்டடம் எழுகிறது என்றால் பாதை வேறு. 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 56, 57-ஆம் பிரிவுகளைக் குறிப்பிட்டு, வேலையை நிறுத்தவும் கட்டடத்துக்குச் சீல் வைக்கவும் கோரி உடனே எழுத வேண்டும். தளம் போட்ட பிறகு எழுதுவது காலம் கடந்த வேலை. இதே ஊரில் அனுமதித்த இரண்டு தளங்களுக்கு மேல் எழுந்த ஒரு விடுதியின் கூடுதல் தளங்களை இடிக்க வேண்டும் என்று 1995-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் அந்த நிலைக்கு வர ஊர்க்காரர்களின் அமைப்பு ஒன்று ஆண்டுக்கணக்கில் வழக்காட வேண்டியிருந்தது. நகராட்சியில் அசைவு இல்லாவிட்டால் திங்கட்கிழமைகளில் மாவட்ட ஆட்சியர் நடத்தும் மக்கள் குறைதீர்க்கும் நாளில், முன்பு பெற்ற முத்திரை நகல்களை இணைத்து மனு கொடுக்கலாம்.

உங்களுக்குச் சாதகமான தீர்மானம் நிறைவேறிவிட்டால் அதோடு இருந்துவிடாதீர்கள். வாய்க்காலுக்கோ தடுப்புச் சுவருக்கோ மன்றம் ஒப்புதல் கொடுத்த பிறகு, தொழில்நுட்ப அனுமதி, ஒப்பந்தப்புள்ளி, வேலை உத்தரவு என்று மூன்று படிகள் இருக்கின்றன; ஒவ்வொன்றிலும் மாதங்கள் கரையும். ஒப்பந்தப்புள்ளிக்கு யாரும் வராமல் மறு ஒப்பந்தப்புள்ளி கோருவது மலையில் புதிதல்ல. சிமெண்டும் கம்பியும் மலையேறி வரும் செலவில் பழைய மதிப்பீடு கட்டுப்படியாகாது என்பார்கள். ஜூனில் தீர்மானம் என்றால் ஜூலையிலேயே பொறியியல் பிரிவுக்குப் போய்த் தீர்மான எண்ணைச் சொல்லி எந்தப் படியில் இருக்கிறது என்று கேளுங்கள். ஆகஸ்ட் இறுதிக்குள் வேலை உத்தரவு எண் கைக்கு வராவிட்டால், வடகிழக்குப் பருவமழைக்கு முன் சுவர் எழாது என்று வைத்துக்கொண்டு, தற்காலிகமாக மணல் மூட்டை அடுக்கவும் வாய்க்காலைத் தூர்வாரவும் கேட்டு அன்றே ஒரு மனு கொடுத்துவிடுங்கள். அதிலும் அந்தத் தீர்மான எண்ணைக் குறிப்பிட மறக்க வேண்டாம்.